ஃபிக்ஸிக்கு எந்த சைஸ் ஃப்ரேம்? புதுச்சேரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஃபிக்ஸி சைக்கிள் எப்போதும் சாய்ந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நின்று பேசுகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அப்புறம் பின் பிரேக் எங்கே என்பார்கள். மூன்றாவதாக, “எனக்கு எந்த சைஸ் சரியா வரும்?” என்பார்கள். அதற்கு வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்ப முடிவதில்லை. சொல்லாமல் விட்டு, தப்பான சைஸை வாங்கி வந்தவர்களையும் பார்த்துவிட்டேன். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே வைக்கிறேன்.

ஃபிக்ஸின்னா என்னண்ணா? அதுக்கு மட்டும் ஏன் சைஸ் சைஸ்னு இவ்ளோ பேசறீங்க?

சாதாரண சைக்கிளில் பின்சக்கரத்தோடு ஃப்ரீவீல் இருக்கும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். ஃபிக்ஸியில் பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்போடு இறுகப் பூட்டியிருக்கும். சக்கரம் சுற்றும் வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும் வரை உங்கள் காலும் சுற்றியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் நின்ற இடத்தில் பெடலைப் பின்னுக்கு மிதித்துப் பாருங்கள். சும்மா சுற்றினால் அது ஃபிக்ஸி இல்லை, ஒற்றை கியர் சைக்கிள். கடையில் ஃபிக்ஸி என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கிறது. சிலவற்றில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறுபக்கம் ஃபிக்ஸட் ஆகும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சுமார் 22 கி.மீ. முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் போகும். கடலூர் போய்ச் சேர 3,600 சுற்றுக்கு மேல், நடுவில் ஒன்றுகூடக் குறையாமல். சாதாரண சைக்கிளில் உடம்பு வலித்தால் மிதிப்பதை நிறுத்தி, சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பை நகர்த்தி உட்காருவோம். அந்த ஓய்வுதான் தப்பான சைஸை மறைத்துவிடுகிறது. ஃபிக்ஸியில் அந்த ஓய்வு கிடையாது. ஒரு சென்டிமீட்டர் பிழை 3,600 முறை முட்டியில் இறங்கும்.

நம்மில் பலர் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் கற்றவர்கள். வீட்டில் ஒரே சைக்கிள், அது அப்பாவுடையது, அதற்கேற்ப நாம்தான் உடம்பை வளைத்துக்கொண்டோம். அதனால் சைக்கிளுக்கு அளவு பார்ப்பது என்பதே நமக்குப் பழக்கமில்லை. ஃபிக்ஸி எடுக்கிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

52, 54, 56ன்னு எழுதியிருக்கே, அது எதோட அளவு? சில கடைல 26, 28ங்கறாங்க?

52, 54 என்பது சென்டிமீட்டரில் சீட் ட்யூப்பின் நீளம். அதாவது பெடல் மாட்டும் இரண்டு கைகளையும் (கிராங்க்) இணைக்கும் அச்சு போகும் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து சீட்டுக்குக் கீழே வரும் குழாயின் நீளம். சில கம்பெனிகள் மேல்பார் வந்து சேரும் இடத்தின் நடுவரை அளக்கும், சில குழாயின் உச்சிவரை அளக்கும். இரண்டுக்கும் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். ஒருவர் 54 என்பதை இன்னொருவர் 52 என்று எழுத இதுவே போதும். எந்த முறை என்று கேட்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

26, 28 என்பது பெரும்பாலும் சக்கரத்தின் அளவு, ஃப்ரேமின் அளவு இல்லை. இதில் 24தான் பெரிய குழப்பம். பையன்கள் ஓட்டும் 24 இன்ச் சைக்கிளில் அது சக்கரம். பால்காரர் ஓட்டும் 24 இன்ச் கறுப்புச் சைக்கிளில் அது ஃப்ரேம், அதாவது 61 செ.மீ. கடையில் எண் சொன்னால், “இது ஃப்ரேமா, வீலா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் ஹைட் 5 அடி 6 இன்ச். எந்த சைஸ் எடுக்கட்டும்?

உயரம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தையற்காரர் உயரத்தைக் கேட்டுவிட்டா பேன்ட் தைக்கிறார்? ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கால் நீளத்தில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். வேண்டியது உள்கால் நீளம்.

வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். பாதங்கள் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் விளிம்பு சுவரோடு சரியாகப் படிய வேண்டும். அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். தனியாக அளந்தால் குனியும்போது புத்தகம் இறங்கிவிடும். பேன்ட்டின் உள்தையல் அளவும் இதுவும் ஒன்றில்லை. பேன்ட் அளவு எப்போதும் குறைவாகவே இருக்கும்.

அளந்துட்டேன், 78 வருது. அப்புறம்?

உள்கால் நீளத்தை 0.66ஆல் பெருக்குங்கள். 78க்கு 51.5 வரும். மேல்பார் தரைக்கு இணையாக இருக்கும் ஃப்ரேமில், நடுவிலிருந்து நடுவரை அளந்த சீட் ட்யூப் 51 அல்லது 52 உங்களுக்கு ஒத்துவரும். உள்கால் 72 என்றால் 47.5, உள்கால் 85 என்றால் 56. சாலைப் பந்தயச் சைக்கிளுக்கு வைத்த கணக்கு இது, 0.65 முதல் 0.67 வரை சொல்வார்கள். தேடத் தொடங்குவதற்கு இது போதும். ஆனால் இதோடு முடிவு செய்துவிடாதீர்கள்.

மேல்பார் பின்பக்கம் சரிந்து இறங்கும் ஃப்ரேம்களில் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அங்கே சீட் ட்யூப் குட்டையாக இருக்கும், சீட் தண்டு நீளமாக வெளியே நிற்கும். அந்த வகையில் கம்பெனி போட்டிருக்கும் எஸ், எம், எல் எழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்தடுத்துச் சொல்லப்போகும் நீளத்தைப் பாருங்கள்.

பார் மேல கால் ரெண்டு பக்கமும் ஊனி நின்னு பார்த்தேன், இடிக்கல. அப்ப சைஸ் கரெக்ட்தானே?

இல்லை. அது ஃப்ரேம் மிகப் பெரிது இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. சரியான சைஸ்தானா என்று சொல்வதில்லை. குட்டிச் சைக்கிள் மேல் நின்றாலும்தான் இடிக்காது.

ஆனாலும் அந்தச் சோதனையை விடக்கூடாது. பாருக்கும் உடம்புக்கும் நடுவே 2 முதல் 3 செ.மீ. இருக்க வேண்டும். ஃபிக்ஸியில் இது கொஞ்சம் ஏமாற்றும். ட்ராக்கில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான சரிவான வட்டப் பாதையில், சாய்ந்து திரும்பும்போது பெடல் உரசக்கூடாது என்பதற்காக, ட்ராக் ஃப்ரேம்களில் பாட்டம் பிராக்கெட்டைச் சாலைச் சைக்கிளைவிட 1 முதல் 2 செ.மீ. உயர்த்தி வைத்திருப்பார்கள். அதனால் நண்பனின் சாலைச் சைக்கிள் 54இல் வசதியாக நிற்கும் ஒருவருக்கு, ட்ராக் ஃப்ரேம் 54இல் பார் இடிக்கலாம். செருப்போடு நின்று பார்க்காமல், ஓட்டப்போகும் ஷூவோடு நின்று பாருங்கள்.

உயரத்தைவிட நீளம் முக்கியம்ங்கறீங்களே, எந்த நீளம்?

சீட் உயரத்தைத் தண்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். ஃப்ரேமின் நீளத்தை அப்படிச் சரிசெய்ய வழி குறைவு. ஆகவே பார்க்க வேண்டிய எண் டாப் ட்யூப்பின், அதாவது மேல்பாரின், கிடைநீளம்: ஹேண்டில் தண்டு நுழையும் ஹெட் ட்யூப்பின் உச்சியின் நடுவிலிருந்து, தரைக்கு இணையாகச் சீட் தண்டின் நடுவரை. பார் சரிந்திருந்தாலும் கற்பனையாக ஒரு நேர்கோடு போட்டுத்தான் அளக்க வேண்டும்.

எனக்கு எது சரி என்று எப்படித் தெரியும்? ஒரு மணி நேரம் ஓட்டியும் கழுத்து, தோள், கை எதுவும் புகார் சொல்லாத சைக்கிள் ஒன்றை ஓட்டியிருக்கிறீர்களா? அதன் சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடுவரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண் நூறு அட்டவணைக்குச் சமம். அப்படி ஒரு சைக்கிள் இல்லை என்றால், உள்கால் 78, உயரம் 168 செ.மீ. அளவில் இருப்பவருக்கு 52 முதல் 53.5 வரை கிடைநீளமும் 9 அல்லது 10 செ.மீ. ஸ்டெமும் (ஹேண்டில்பாரை முன்னால் நீட்டிப் பிடித்திருக்கும் துண்டு) வைத்துத் தொடங்கலாம்.

எந்த ஹேண்டில்பார் போடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். வளைந்த ட்ராப் பாரில் கை வைக்கும் இடம் முன்னால் 7, 8 செ.மீ. தள்ளிப் போகும். நேர் பாரில் அது கிடையாது. நான் மேலே சொன்ன எண்கள் ட்ராப் பாருக்கு. நேர் பார் போடுகிறவர்கள் இரண்டு சென்டிமீட்டர் நீளமான ஃப்ரேமையும் பார்க்கலாம். பின்னால் மனசு மாறி ட்ராப் பார் போட்டால் அந்த ஃப்ரேம் நீண்டுவிட்டது போலத் தோன்றும். ஃப்ரேமைக் குறை சொல்ல முடியாது.

ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். சின்னதா, பெரிசா?

பார் இடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடித்தால் பேச்சே இல்லை, சின்னது. இரண்டும் தாண்டிவிட்டால், நகருக்குள் சுற்றுவதற்குச் சின்னதை எடுக்கச் சொல்வேன். நேரு வீதியில் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே நுழைந்து போகும்போது குட்டை ஃப்ரேம் சொன்ன பேச்சு கேட்கும். சின்னதை நீட்ட ஸ்டெம் உண்டு, தண்டு உண்டு. பெரியதைக் குறுக்க ஸ்டெம்மை மிகவும் குட்டையாக்க வேண்டும், அப்போது ஹேண்டில் பதறும்.

பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீண்ட தூரம் நேராகப் போகிறவர் என்றால் பெரியதும் தப்பில்லை. ஆனால் குட்டைக் கால், நீண்ட உடம்பு உள்ளவர்களுக்கு மட்டும்.

எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. கணக்கு 56 சொல்லுது, உட்கார்ந்தா ஹேண்டில் எட்டலை.

இதுதான் 0.66 கணக்கு கைவிடும் இடம். கணக்கு காலை மட்டும் பார்க்கிறது. நீங்கள் டாப் ட்யூப் நீளத்தை வைத்து 54க்கு இறங்குங்கள். சீட் தண்டு இன்னும் 2 செ.மீ. வெளியே வரும், அதில் தவறில்லை. தண்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள்ளேயே இருக்க வேண்டும், அதைத் தாண்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். சீட் உயர்ந்ததால் ஹேண்டில் தாழ்ந்ததுபோல் இருக்கும். ஸ்டெமுக்குக் கீழே வளையங்கள் போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

சீட் எவ்ளோ உயரம் வைக்கணும்? இதுக்கும் ஃப்ரேமுக்கும் என்ன சம்பந்தம்?

எளிய வழி: ஒருவரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முட்டி நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் சின்ன மடிப்பு தானாக வரும். எண்ணாக வேண்டும் என்றால் உள்கால் நீளம் பெருக்கல் 0.883. பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை அந்த அளவு. 1986, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. 78க்கு 69 செ.மீ. வரும்.

ஃபிக்ஸியில் நான் அதிலிருந்து சில மில்லிமீட்டர் இறக்கியே வைக்கிறேன். காரணம் இறக்கம். ஆரோவில் மேட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கும்போது 40 கி.மீ. வேகம் சுலபமாக வந்துவிடும். மேலே சொன்ன 46க்கு 16இல் அது நிமிடத்துக்கு 110 சுற்று. சீட் அரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலும் இடுப்பு சீட்டின் மேல் குதிக்கும், கால் பெடலை விட்டு நழுவப் பார்க்கும். அங்கே பிரேக்கைப் பிடியுங்கள். முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸியைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். சுற்றும் பெடலைக் காலால் எதிர்த்து மட்டுமே நிறுத்திக்கொண்டிருந்தால் முட்டிதான் தேயும்.

ஃப்ரேமோடு சம்பந்தம் இதுதான்: சீட்டைச் சரியான உயரத்தில் வைத்த பிறகு, மேல்பார் தரைக்கு இணையாக இருக்கும் ஃப்ரேமில் சீட் தண்டு ஒரு கைப்பிடி அளவு வெளியே தெரிந்தால் சைஸ் ஏறக்குறைய சரி. இரண்டு விரல் அளவுதான் தெரிகிறது என்றால் ஃப்ரேம் பெரிது.

திரும்பும்போது என் ஷூ முன்சக்கரத்துல இடிக்குதுண்ணா. தப்பான சைஸ் வாங்கிட்டேனா?

சைஸ் தப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. 700சி எனப்படும் பெரிய சாலைச் சக்கரம் போட்ட சின்ன ஃப்ரேம்கள் பலவற்றில் இது உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டிலிருந்து முன் அச்சுக்கு 58 செ.மீ. என்று வையுங்கள். சக்கரத்தின் பாதி, டயரோடு, 33.6. மீதி 24.4. கிராங்க் 16.5, பெடல் அச்சுக்கு முன்னால் நீளும் ஷூ 9 அல்லது 10. கூட்டினால் 26 வருகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் இடிக்கத்தான் செய்யும்.

வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம், அதனால் இடிக்காது. மெதுவாக வட்டம் அடிக்கும்போதுதான் ஆபத்து. சாதாரண சைக்கிளில் காலை நிறுத்திக்கொண்டு திரும்பலாம். ஃபிக்ஸியில் கால் நிற்காது, ஆகாத நேரத்தில் இடிக்கிற கால் முன்னே வந்துவிடும். மிஷன் வீதியில் யூ டர்ன் அடிக்கப்போய் நான் விழுந்ததே அப்படித்தான். 165 மி.மீ. கிராங்க் போடுங்கள், மெல்லிய டயர் போடுங்கள், முன் மட்கார்டைக் கழற்றுங்கள். மெதுவான திருப்பத்தில் எந்தக் கால் முன்னே வரும் என்று பார்த்துத் திரும்பப் பழகுங்கள். இதற்காகவே ஒரு சைஸ் பெரிய ஃப்ரேம் வாங்காதீர்கள். ஒரு தொல்லைக்குப் பதில் மூன்று தொல்லை வரும்.

திருப்பத்துல பெடல் தரையில உரசுதே?

பழைய கியர் சைக்கிளை மாற்றிச் செய்த ஃபிக்ஸியா? அப்படித்தான் இருக்கும். ட்ராக் ஃப்ரேமில் பாட்டம் பிராக்கெட் தரையிலிருந்து 28.5 செ.மீ. என்று கொண்டால், 165 கிராங்க் கீழே வரும்போது பெடல் அச்சு 12 செ.மீ. உயரத்தில் இருக்கும். சாலை ஃப்ரேமில் 26.5, கிராங்க் 170 என்றால் அது 9.5தான். நம் ஊரின் பழைய பகுதித் தெருக்கள் கட்டம் போட்டது போல நேருக்கு நேர் வெட்டிக்கொள்பவை. ஒவ்வொரு மூலையிலும் செங்குத்தான திருப்பம், ஒவ்வொன்றிலும் மிதித்துக்கொண்டேதான் திரும்பியாக வேண்டும். கிராங்கைக் குட்டையாக்குங்கள், பெடல் ஒடுங்கியதாக இருக்கட்டும். மழை ஓய்ந்த தெருவில் சாய்க்காமல் நிதானமாகத் திரும்புங்கள்.

எங்கப்பாவோட 24 இன்ச் சைக்கிள் சும்மா கிடக்கு. அதை ஃபிக்ஸி ஆக்கலாமா? அவர் 5 அடி 5தான், ஓட்டினாரே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு இளகிவிடும். அந்தக் கறுப்பு ஃப்ரேம்கள் அவ்வளவு உழைத்தவை. ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று எந்தப் பெயராக இருந்தாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: பின்சக்கரம் மாட்டும் பிளவு பின்பக்கம் திறந்திருக்கும். செயினை இழுத்து இறுக்க அது வசதி. ஃபிக்ஸிக்குச் செயின் தளரவே கூடாது. கியர் சைக்கிள்களில் கீழ்நோக்கி நேராக இறங்கும் பிளவில் அந்த வசதி கிடையாது.

சைஸுக்கு வருவோம். அதில் பார் தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரம். அப்பாவின் உள்கால் 76 இருந்திருக்கும். அவர் பாருக்கு மேல் நின்றதே இல்லை. ஓடிவந்து, இடது பெடலில் கால் வைத்து, வலது காலைப் பின்னால் வீசி ஏறினார். நிறுத்தும்போது மிதிப்பதை விட்டுவிட்டு ஒரு பக்கமாகச் சாய்த்து இறங்கினார். அதற்கு ஃப்ரீவீல் வேண்டும். உருளும் ஃபிக்ஸியில் பெடல் ஓடிக்கொண்டே இருப்பதால் அப்படி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. நின்ற இடத்தில் இரண்டு காலும் தரையில் பட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஹேண்டில் பின்பக்கம் வளைந்து நம்மை நோக்கி வருவது. அதனால்தான் அவ்வளவு பெரிய ஃப்ரேமும் எட்டியது. அதைக் கழற்றிவிட்டு நேர் பார் போட்டால், கை பல சென்டிமீட்டர் முன்னால் போய்விடும். உங்கள் உள்கால் 88க்கு மேல் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், பழைய ஹேண்டிலையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 22 இன்ச், அதாவது 56 செ.மீ. ஃப்ரேம் தேடுங்கள். எதுவானாலும் பழைய ஹப்பில் பல்சக்கரத்தை அப்படியே முறுக்கி மாட்டாதீர்கள். ஃபிக்ஸட் ஹப்பில் எதிர்ப்பக்க மரை போட்ட பூட்டு வளையம் ஒன்று உண்டு. ஃப்ரீவீல் ஹப்பில் அது கிடையாது. காலால் எதிர்க்கும்போது பல்சக்கரம் கழன்றுவிடும்.

தம்பி, என் பையனுக்கு 13 வயசு. வளர்ற புள்ளை, கொஞ்சம் பெரிசா வாங்கிட்டா நாலு வருஷம் ஓட்டுவான்ல?

பள்ளிச் சட்டையை அப்படி வாங்கலாம், ஃபிக்ஸியை வாங்கக்கூடாதுங்க. மேலே அப்பாவின் சைக்கிளுக்குச் சொன்னதேதான் இங்கும். கால் எட்டாத பிள்ளை அவசரத்தில் இறங்கவே முடியாது. இப்போதைக்கு ஃப்ரீவீலும் இரண்டு பிரேக்கும் உள்ள, அவன் அளவுக்குச் சரியான சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். வளர்ச்சி நின்றதும் அளந்து ஃபிக்ஸி எடுக்கலாம்.

நான் 5 அடிதான். லேடீஸ் ஃப்ரேம்னு தனியா இருக்கா?

பெண், ஆண் என்பதைவிட அளவுதான் பேச்சு. உள்கால் 70 என்றால் 46 அளவில் தேடுங்கள், டாப் ட்யூப் கிடைநீளம் 51க்கு மேல் போக வேண்டாம். அந்த சைஸில் 700சி சக்கரத்தை நுழைக்கக் கோணங்களை மாற்றித்தான் செய்வார்கள், கால் இடிப்பதும் அங்கேதான் அதிகம். அதைவிடச் சிறிய 650சி சக்கரம் போட்ட ஃப்ரேம் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஹேண்டில்பாரையும் தோள் அகலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துப்பட்டா, வேட்டி, தொளதொள பேன்ட் எதுவும் செயின் பக்கம் போகக்கூடாது. சாதாரண சைக்கிளில் துணி சிக்கினால் கால் நின்றுவிடும். இதில் சக்கரம் துணியை இழுத்துக்கொண்டே போகும்.

ரெண்டு ஃப்ரேம், ரெண்டுலயும் டாப் ட்யூப் 54. ஆனா ஒண்ணு நீளமா தெரியுது. அளந்தவங்க தப்பா?

அளவு சரிதான், கோணம் வேறு. சீட் ட்யூப் ஒன்றில் 73 டிகிரி, இன்னொன்றில் 75 டிகிரி இருக்கும். 70 செ.மீ. சீட் உயரத்தில் ஒரு டிகிரிக்குச் சுமார் 1.2 செ.மீ. சீட் முன்னால் தள்ளும். 75 டிகிரி ஃப்ரேமில், பெடலுக்கு நீங்கள் பழகிய அதே இடத்தில் உட்கார வேண்டுமானால் சீட்டை 2.4 செ.மீ. பின்னால் தள்ள வேண்டும். ஹேண்டில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆக அந்த ஃப்ரேம் உங்களுக்கு 2.4 செ.மீ. நீளம்.

இந்தச் சிக்கல் இல்லாத எண் ரீச். பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து ஹெட் ட்யூப் உச்சிவரை கிடையாக எவ்வளவு என்பது அது. அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே செங்குத்தாக எவ்வளவு என்பது ஸ்டாக். சீட் கோணம் இரண்டிலும் நுழைவதில்லை. கம்பெனி இரண்டையும் கொடுத்திருந்தால் அவற்றை வைத்தே ஒப்பிடுங்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தின் பழைய ஃப்ரேம்கள் விற்பனைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவை வீரர் ஒவ்வொருவரின் உடம்புக்கும் அளந்து செய்தவை. சீட் ட்யூப் ஒன்றாக இருந்தாலும் நீளம் ஆளுக்கு ஆள் மாறும்.

செகண்ட் ஹேண்ட்ல பார்க்கும்போது சைஸுக்குன்னு என்ன பார்க்கணும்?

டேப் எடுத்துப் போங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டானாலும் சரி, போனில் பார்த்த விளம்பரமானாலும் சரி, நீங்களே அளந்து பாருங்கள். முதலில் சீட் தண்டின் போல்ட்டைத் தளர்த்தி, தண்டு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இது மிக முக்கியம். கடல் காற்றில் எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பிடித்துக்கொண்டால் எந்த மெக்கானிக்கும் எளிதில் எடுக்க முடியாது. தண்டு அசையாத ஃப்ரேம் எந்த சைஸாக இருந்தாலும், அது முன்பு ஓட்டியவரின் சைஸ். வாங்கிய பிறகு நீங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்டைக் கழற்றி கிரீஸ் தடவுங்கள். புதுப் பின்சக்கரம் போடுவதாக இருந்தால் பின் பிளவுகளுக்கு இடையே 120 மி.மீ. இருக்கிறதா என்றும் பாருங்கள். ட்ராக் ஹப்புக்கு அதுதான் அளவு.

அரை மணி நேரத்துல கை மரத்துப் போகுது, முட்டியும் வலிக்குது. சைஸ் தப்புதானே?

உடனே ஃப்ரேமைப் பழிக்காதீர்கள். சீட் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கிக் கையில் பாரம் இறங்கும், அதை மட்டமாக்குங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், 3 மில்லிமீட்டர் அளவில் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் கை மரத்தால் ஸ்டெம்மை 1 செ.மீ. குறையுங்கள். 7 செ.மீ. ஸ்டெம் வரைக்கும் இறங்கியும் எட்டவில்லை என்றால், ஆமாம், ஃப்ரேம் நீளம்தான். இத்தனைக்குப் பிறகும் முட்டி வலி தங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தப்பான சைஸ் வாங்கிட்டேன்னு இப்பத் தெரியுது. என்ன பண்ண?

என் முதல் ஃபிக்ஸி 58. “பெரிசா எடுங்க, கம்பீரமா இருக்கும்” என்று விற்றவர் சொன்னார், நானும் நம்பினேன். என் உள்கால் 80. குட்டை ஸ்டெம், முன்னால் தள்ளிய சீட் என்று எல்லாம் செய்து ஒன்பது மாதம் ஓட்டினேன். ஹேண்டில் நடுங்கியது, தோள் இறுகியது, கடலூர் போகும் வழியில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் நிற்க வேண்டியிருந்தது. நாமே பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

நீளம் 1 செ.மீ. பிசகு என்றால் ஸ்டெம்மாலும் சீட்டாலும் சரியாகும். 2 என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றாலோ, பார் இடித்தாலோ, மேலும் பாகம் வாங்கிச் செலவழிக்காமல் ஃப்ரேமை விற்றுவிடுங்கள். சக்கரம், கிராங்க், ஹேண்டில் எல்லாம் அடுத்த ஃப்ரேமுக்கு மாறும். சீட் தண்டின் விட்டம் மட்டும் மாறலாம், 27.2 மி.மீ. என்பது பரவலான அளவு.

விற்கும்போது வெறும் 58 என்று எழுதாமல், டாப் ட்யூப் நீளம், பார் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்த உள்கால் அளவுக்குப் பொருந்தும் என்று மூன்றையும் எழுதுங்கள். நான் அப்படி எழுதியதைப் பார்த்து வில்லியனூரிலிருந்து ஆறடி உயரத்தில் ஒருவர் டேப்போடு வந்தார். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார். சீட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு, அதிலேயே வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.